கவுன்சில் கூட்டத்தில் நிருபர் உட்கார வேண்டும்: குமரி மாவட்ட உள்ளாட்சிகளை முன்வைத்து ஒரு பதில்

தக்கலைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பத்திரிகைச் சுதந்திரம் என்றாலே டெல்லி, சென்னை விஷயமாகத்தான் பாடத்தில் வருகிறது. பேரூராட்சி, பஞ்சாயத்து அளவில் அதற்கு என்ன வேலை? ரோடு மோசமானால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். அதற்கு மேல் நிருபர் என்று ஒருவர் எதற்கு? உள்ளூர் நிருபர்களும் கடைசியில் கட்சிக்காரர், கான்ட்ராக்டர் பக்கம்தானே நிற்கிறார்கள்?"

கேள்வியின் கடைசி வரியில் இருக்கும் கோபம் நியாயமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதல் பகுதிக்கு என் பதில் நேர் எதிரானது. பத்திரிகைச் சுதந்திரம் டெல்லியைவிட வார்டு அளவில்தான் அதிகம் வேண்டும். மத்திய அரசையும் மாநில அரசையும் கேள்வி கேட்க எதிர்க்கட்சி இருக்கிறது, சட்டமன்றம் இருக்கிறது, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வருகிறது, நாள் முழுக்க டிவி விவாதம் ஓடுகிறது. உங்கள் பேரூராட்சியில் ஒரு சிறுபாலம் கட்டியதற்கு எவ்வளவு பில் போட்டார்கள் என்று இவர்களில் யாரும் பார்க்கப்போவதில்லை.

அதிலும் நம் மாவட்டத்தின் அமைப்பு தனி. 2022 உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இருந்த கணக்குப்படி நாகர்கோவில் மாநகராட்சி ஒன்று, பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு என்று 4 நகராட்சிகள், 51 பேரூராட்சிகள். ஊரகப் பக்கம் 9 ஒன்றியங்களில் 95 ஊராட்சிகள். மற்ற மாவட்டங்களில் ஊராட்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், பேரூராட்சிகள் கொஞ்சம்தான் இருக்கும். இங்கே பேரூராட்சிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 18.7 லட்சம் பேர். அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நகர்ப்புறத்தார் என்று பதிவானது.

இதனால் வரும் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. கிராம சபை என்பது ஊராட்சிகளுக்கு மட்டும்தான். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பேரூராட்சிவாசிக்கு அந்த உரிமையைத் தரவில்லை. ஊராட்சியில் இருப்பவர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும், பிற்பாடு சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் தலைவரை நேருக்கு நேர் நிறுத்தி வரவு செலவு கேட்கலாம். (நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 1956-இல் இந்த மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே நாளில்தான்.) நகர்ப்புறத்துக்குப் பகுதி சபை, வார்டு குழு என்பதெல்லாம் 2022-இல்தான் வந்தது. எத்தனை வார்டில் அது உயிரோடு இயங்குகிறது என்று உங்கள் வார்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆக, குமரி மாவட்டத்தில் பெரும்பாலானோருக்கு உள்ளாட்சிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வழி, கவுன்சில் கூட்டத்தில் போய் உட்கார்ந்து எழுதுகிற ஒருவர்தான்.

அப்படி உட்கார்வது யாரும் தரும் சலுகை இல்லை. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும், யாரையாவது வெளியேறச் சொன்னால் அதன் காரணத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் கவுன்சிலர்களுக்கு அஜெண்டா வரும். மன்றப் பொருள் ஒன்று, இரண்டு என்று அடுக்கியிருக்கும். அதில் கொசு மருந்து வாங்கியது, மின்கம்பத்துக்கு பல்பு போட்டது, குடிநீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்தது எல்லாம் வரிசையாக இருக்கும். பல பொருள்களின் கீழே ஒரே வாசகத்தைப் பார்க்கலாம்: அவசரம் கருதி தலைவரின் முன் அனுமதி பெற்று வேலை செய்யப்பட்டது, மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது. வேலை முடிந்துவிட்டது, கவுன்சில் இப்போது தலையாட்டினால் போதும் என்று அர்த்தம். மழைக்காலத்தில் சானல் (பாசனக் கால்வாய்) கரை உடைந்தால் கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது. அந்த அளவில் இது தேவையான வழிதான். ஆனால் மாதாமாதம் அஜெண்டாவில் பாதி பின்னேற்பாகவே வந்தால், வேலைகளைச் சின்னச் சின்னதாக உடைத்து டெண்டரைத் தவிர்க்கிறார்களோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மாத அஜெண்டாவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒரு வருட அஜெண்டாவையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்குத்தான் படும். அதைத் தொழிலாகச் செய்ய ஆள் வேண்டும்.

அடுத்தது ரோடு. ஒரு முடுக்குக்கு (சந்துக்கு) கான்கிரீட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் நீளம் 120 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். மொத்தம் 54 கன மீட்டர் கான்கிரீட். கனத்தை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் 36 கன மீட்டரில் வேலை முடிந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் இரண்டு ரோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். திறப்பு விழா போட்டோவிலும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இருப்பது எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில். அதில் ஓவர்சீயர் அளந்து எழுதிய கனமும், ரோட்டின் ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் தெரிகிற கனமும் ஒன்றா என்பதுதான் கேள்வி. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, ஆவணத்தின் நகல் வாங்குவதோடு நிற்கவில்லை. நடக்கும் பணியைப் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம் என்கிறது. சிமென்ட் ரோட்டின் ஒரு துண்டைச் சட்டப்படியே கேட்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி வாட்ஸ்அப், மனு. இரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. குழி விழுந்த ரோட்டின் படம் குரூப்பில் ஓடியதால் அன்று சாயங்காலமே ஜல்லி கொண்டுவந்து கொட்டிய கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் படம் சொல்வது "குழி இருக்கிறது" என்பதை மட்டும். அந்த ரோடு யாருடையது? பேரூராட்சியா, ஒன்றியமா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? கடைசியாக எப்போது போட்டார்கள், எந்த நிதியில், யார் கான்ட்ராக்டர்? வேலை முடிந்தபின் குறிப்பிட்ட காலம்வரை பழுதை அவரே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்குமே, அந்தக் காலம் முடிந்துவிட்டதா? முடியாமலிருக்கும்போதே மறு டெண்டர் விட்டு மக்கள் பணத்தில் மறுபடி போடுகிறார்களா? இந்தக் கேள்விகளைக் குரூப் கேட்பதில்லை. இரண்டு நாளில் அடுத்த படம் வந்துவிடும்.

மனுவின் பாதையையும் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த மனு எண் போட்டு சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும், அங்கிருந்து கீழே இறங்கும், கடைசியில் யாரைப் பற்றிய புகாரோ அவருடைய மேஜைக்கே வந்து சேரும். "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு பதில் உங்களுக்கு வரும். மனு கொடுத்தவருக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே தெரிந்த விவகாரமாக அது முடிந்துவிடும். அதே விஷயம் பேப்பரில் வந்தால், மக்கள் தொடர்பு அலுவலகத்தில் செய்தியை வெட்டி எடுத்து அந்தத் துறைக்கு விளக்கம் கேட்டு அனுப்புவார்கள். பதில் சொல்ல வேண்டியவர் இப்போது ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஒரே புகார்தான். பார்க்கிற கண்கள் எத்தனை என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

வாட்ஸ்அப்புக்கும் பேப்பருக்கும் இன்னொரு வேறுபாடு பொறுப்பு. நாளிதழின் கடைசிப் பக்கத்து அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தப்பாக எழுதினால் யார்மேல் வழக்குப் போடுவது என்று அந்த வரி சொல்கிறது. பார்வர்டு ஆகி வந்த செய்திக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. நம் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை அனுபவித்த மண் இது. சுடுகாட்டுப் பாதை, குளத்தின் கரை, கொடிக்கம்பம் வைக்கிற இடம் என்று வார்டு அளவிலான எந்தத் தகராறும் ஒரு வதந்தியில் வேறு நிறம் எடுத்துவிடும். இரண்டு தரப்பையும் கேட்டு, சர்வே எண்ணைச் சரிபார்த்து, பெயர் போட்டு எழுதுகிற ஒருவர் இருப்பது இங்கே கணக்குக் கேட்பதற்கு மட்டுமல்ல, அமைதிக்கும் தேவை.

"பேப்பரில் வந்தால் மட்டும் மாறிவிடுமா" என்று கேட்பீர்கள். மாறியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பொருளியலாளர்கள் டிமோத்தி பெஸ்லியும் ராபின் பர்கஸும் 1958 முதல் 1992 வரை இந்தியாவின் பெரிய மாநிலங்களை ஒப்பிட்டு 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளமோ விளைச்சல் குறைவோ வந்தபோது, நாளிதழ் அதிகம் விற்கும் மாநிலங்களின் அரசுகள் நிவாரணத்துக்கும் உணவு வழங்கலுக்கும் கூடுதலாகச் செலவு செய்தன. அதிலும் முக்கியமாக இருந்தவை ஆங்கிலப் பத்திரிகைகள் இல்லை, உள்ளூர் மொழிப் பத்திரிகைகள்.

உகாண்டாவில் நடந்தது இன்னும் நேரடியானது. 1990-களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்கென்று மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கூடத்தைப் போய்ச் சேர்ந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களிலேயே கரைந்தது. பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று மாதாமாதம் நாளிதழில் அச்சிட ஆரம்பித்தார்கள். 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன, அச்சிட்டது மட்டுமே காரணம் ஆகாது என்று சிலர் பிற்பாடு வாதிட்டார்கள். அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் பேப்பர் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த பள்ளிகளுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. தனக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவரை ஏய்ப்பது கடினம்.

பார்க்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பெல் நகரம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சுமார் 35,000 பேர் வாழும் சின்ன ஊர், பெரும்பாலும் உழைப்பாளிகள். அந்த நகராட்சியின் மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர்களுக்கும் கொழுத்த சம்பளம். அந்த ஊரின் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும் நிருபர் யாரும் அப்போது இல்லை. 2010-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊர் விஷயத்தை விசாரிக்கப் போய் இதைத் தோண்டி எடுத்தார்கள். மேலாளர் சிறைக்குப் போனார். பணக்கார நாடு, படித்த மக்கள், தேர்தல், தணிக்கை எல்லாம் இருந்தும் நடந்த கொள்ளை அது.

நம் பக்கம் வந்தால், பேப்பரில் வந்த செய்தி வழக்காகவே மாறுவதற்கும் வழி இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடாமலே, செய்தியைப் பார்த்துத் தானாக வழக்கு எடுக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மும்பையின் குப்பை பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய வழக்கு அது. எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் வட்டாரத்தில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது செய்தியாகி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கும். களியக்காவிளை வழியாக இறைச்சிக் கழிவும் மீன் கழிவும் வருவதை வருடக்கணக்காகப் பார்த்து வரும் நமக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும். நாகர்கோவில் வலம்புரிவிளை குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை கிளம்பும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பத் திரும்ப எழுதியதும் உள்ளூர்ச் செய்தியாளர்கள்தான். ஒரே விஷயத்தைப் பத்தாவது தடவையும் எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் உள்ளாட்சி அசைவது பெரும்பாலும் அந்தப் பத்தாவது தடவைக்குப் பிறகுதான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத காலங்களையும் நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. நாகர்கோவில் நகராட்சி மாநகராட்சி ஆனது 2019-இல். அப்போது கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. ஊராட்சிகளின் அடுத்த பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தனி அலுவலர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சில்லை. தீர்மானம் போடுபவரும் அவர்தான், அதை நிறைவேற்றுபவரும் அவர்தான் என்னும்போது, வெளியிலிருந்து கேட்கிற குரல் ஒன்றுகூட இல்லையென்றால் அது அவருக்கே நல்லதில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: நிருபர்கள் யார் பக்கம்?

இந்த மண்ணில் பத்திரிகையை மிரட்டிய வரலாறு பழையது. அன்றைய திருவிதாங்கூரில் திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியை விமர்சித்ததற்காக 'சுதேசாபிமானி' ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் மௌலவியின் அச்சகத்தையும் பறிமுதல் செய்தார்கள். நெய்யாற்றின்கரைக்காரரான பிள்ளை அதன்பின் ஊர் திரும்பாமலே 1916-இல் கண்ணூரில் இறந்தார். தமிழர் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டம் சூடுபிடித்தபோது, வடிவீஸ்வரத்துக்காரரான டி.வி. ராமசுப்பையர் 1951-இல் திருவனந்தபுரத்திலேயே 'தினமலர்' தொடங்கினார். அந்தப் போராட்டக்காரர்கள்மேல் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டின் காலத்தில் நம் பெரியவர்களுக்கு ஒரு தமிழ்ப் பேப்பர் கையில் இருந்தது என்பதன் பொருளை இன்று முழுதாக உணர்வது கஷ்டம்.

இன்று யாரும் நாடு கடத்துவதில்லை. சட்டம் நம்மில் பலர் நினைப்பதைவிட நிருபருக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1994-இல் 'நக்கீரன்' தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு உள்ளூர் நிருபரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அரசோ, உள்ளாட்சி அமைப்போ, அரசு அதிகாரத்தைச் செலுத்தும் வேறு நிறுவனமோ தன்னை அவதூறு செய்துவிட்டதாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதினால் பெரும்பாலும் ஆட்சேபம் இல்லை. அதிகாரியின் அலுவல் சார்ந்த செயலைப் பற்றி எழுதியதில் தவறு இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார் என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு. தீர்ப்பில் 'உள்ளாட்சி அமைப்பு' என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். கிரிமினல் அவதூறு மட்டும் பாக்கி இருக்கிறது. அது செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அது. ஆனாலும், பத்திரிகைகள்மேல் தமிழ்நாடு அரசு போட்டிருந்த இத்தகைய வழக்குகளில் ஒரு தொகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. அரசு ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கோபப்படக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் எழுத மாட்டேன் என்கிறார்கள்? காசுதான் காரணம். தாலுகா அளவில் பெரும்பாலான நிருபர்கள் பகுதி நேரம். சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, பெட்ரோலுக்கே காணாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. உள்ளூரில் விளம்பரம் தருவது யார்? பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, பதவியேற்பு வாழ்த்து என்று கவுன்சிலர், கட்சி நிர்வாகி, கான்ட்ராக்டர், குவாரிக்காரர். அரை பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்தவருடைய ரோட்டின் கனத்தை அதே ஆள் எப்படி அளப்பார்? அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? குடும்பம் நடத்த முடியாத வருமானத்தில் ஒருவரை நிறுத்திவைத்து, நேர்மையாகவும் இரு என்று சொல்லும் நிறுவனங்களையும், நாளிதழ் எதற்கு, எல்லாம் போனில் வருகிறதே என்று நிறுத்திவிட்ட நம்மையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதற்கிடையே பைக்கில் பிரஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, கனிம லாரியை மறித்துக் காசு வாங்குகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. மக்கள் இவர்களையும் நிருபர் என்றே நினைக்கிறார்கள். உண்மையான நிருபருக்கு அதிகாரி செய்யும் கெடுதலைவிட இவர்கள் செய்யும் கெடுதல் அதிகம். ஏனென்றால், கேள்வி கேட்கிற எவரையும் "இவனும் காசுக்குத்தான் வந்திருக்கான்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட அலுவலகத்துக்கு வசதியாகிவிட்டது.

ஆனாலும் இந்த மாவட்டத்தில் வெயிலில் அலைந்து, மன்றத் தீர்மானத்தைப் படித்து, பெயர் வராத நான்கு வரிச் செய்தியை ஒழுங்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒருவர் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவரிடம் பேசுங்கள். உங்களிடம் இருக்கும் நகலைக் கொடுங்கள். அவர் எழுதியது வந்தால் அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

நீங்களே இறங்கிச் செய்வதாக இருந்தால், ஒரு பேரூராட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வருடத்து மன்றத் தீர்மான நகல்களையும், ஏதாவது ஒரு ரோட்டின் எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பில் ஆகியவற்றையும் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நகல் எடுக்கும் செலவு கூடுதலாகும் என்று தோன்றினால், நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. டெண்டர் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்திருந்தால், மேலதிகாரி காரணம் எழுதி ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும் கேளுங்கள்.

ஊராட்சியாக இருந்தால் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் வரவு செலவு இருக்கிறது. 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். அதை வேறு வேலைக்குத் திருப்பியிருக்கிறார்களா என்று அங்கேயே பார்க்கலாம். கிராம சபையில் வைக்கும் வரவு செலவு பேனரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், எழுதுவதற்கு முன் ஊராட்சிச் செயலரிடமும் தலைவரிடமும் விளக்கம் கேளுங்கள். பல சமயம் நிதியாண்டு மாறியதோ, வேறு கணக்கில் வரவு வைத்ததோ காரணமாக இருக்கும். அவர்கள் சொன்ன பதிலையும் முழுதாகப் போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால், எந்தத் தேதியில் எப்படிக் கேட்டீர்கள் என்று குறித்து வைத்து, அதையும் செய்தியில் சேருங்கள். ரோட்டின் கனத்தை அளக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், அந்தத் தெருக்காரர் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அளவு டேப்பும் ரோட்டின் ஓரமும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள்.